மொட்டைமாடியில் ஒரு ரேடியோ தொலைநோக்கி

மார்ச் மாதம் இரண்டாவது வாரத்திலும், அக்டோபர் முதல் தேதியை ஒட்டியும், மும்பைப் பக்கத்தில் டிஷ் வைத்திருக்கும் வீடுகளில் ஒரு சின்னக் கலவரம் நடக்கும். பகல் பதினொன்று, பன்னிரண்டு மணி வாக்கில் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடையும். பிறகு அடியோடு போய்விடும். மழையும் இருக்காது, காற்றும் இருக்காது. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும். வீட்டிலிருப்பவர்கள் ரிமோட்டைத் தட்டுவார்கள், செட்-டாப் பெட்டியை அணைத்துப் போடுவார்கள், பிறகு டிஷ்காரருக்குப் போன் செய்வார்கள். அவர் போனை எடுப்பதற்குள் படம் தானாகவே வந்துவிடும். மறுநாளும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் இதே கூத்து. நான்கைந்து நாள் கழித்து எல்லாம் சரியாகிவிடும். "சொன்னேன் இல்லே, ரெண்டு தட்டு தட்டினா சரியாயிடும்" என்று யாராவது பெருமையடித்துக் கொள்வார்கள்.

தட்டியதால் சரியாகவில்லை. அந்தச் சில நாட்களில், அந்தச் சில நிமிடங்களுக்கு, நம் டிஷ் பார்த்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நின்றுவிடுகிறது. செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து மெல்லிய குரலில் பேசுகிறது. அதன் முதுகுக்குப் பின்னாலிருந்து சூரியன் ரேடியோ அலைகளைக் கொட்டுகிறது. கல்யாண வீட்டில் நாதஸ்வரம் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் சொல்லும் ரகசியம் காதில் விழாதல்லவா, அப்படித்தான் இதுவும்.

அதாவது, நம் வீட்டு டிஷ் அந்தப் பத்து நிமிடம் சூரியனைக் 'கேட்கிறது'. நாம் வாங்கும்போது கடைக்காரர் சொல்லாமல் விட்ட விஷயம் இது. நம் ஒவ்வொருவர் மாடியிலும் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது.

நான் இதில் இறங்கக் காரணம் என் மகள். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊருக்குக் கோடை விடுமுறையில் போய்விட்டு டோம்பிவிலிக்குத் திரும்பியதும், முதல் நாள் இரவு மாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, நட்சத்திரம் எல்லாம் ஊரிலேயே விட்டுட்டு வந்துட்டோமா?" என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் பதில் சொல்ல முடியவில்லை. சோடியம் விளக்கு, எல்.இ.டி. விளக்கு, ரசாயனத் தொழிற்சாலைப் புகை, வருடத்தில் நாலு மாதம் மழை மேகம். இதற்கு நடுவே கண்ணாடித் தொலைநோக்கி வாங்கிக் கொடுத்து என்ன பயன்? ரேடியோ அலைக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. மேகத்தை அது பொருட்படுத்தாது. பகலும் இரவும் அதற்கு ஒன்று. நகரத்தில் அதற்கு வேறு வகைத் தொல்லைகள் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கல்யாணில் நின்ற தட்டுகள்

முதலில் நம் பக்கத்து ஊர்க் கதை ஒன்று. தினமும் கல்யாண் ஸ்டேஷனைத் தாண்டி லோக்கலில் போய்வரும் நம்மில் எத்தனை பேருக்கு, இந்தியாவின் முதல் பெரிய ரேடியோ வானியல் முயற்சிகளில் ஒன்று கல்யாணில்தான் நடந்தது என்பது தெரியும்? எனக்கு இருபது வருடம் தெரியாது.

ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு அருகே பாட்ஸ் ஹில் என்ற இடத்தில் சூரியனை ஆராய்வதற்காக ஆறடி விட்டமுள்ள 32 டிஷ்கள் வைத்திருந்தார்கள். 1953-ல் கோவிந்த் ஸ்வரூப் என்ற இளைஞர் அங்கே பயிற்சிக்குப் போனார். அவரை அனுப்பியவர் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த கே.எஸ். கிருஷ்ணன். ஆம், ராமனுடன் சேர்ந்து ஆராய்ச்சி செய்த நம் வத்திராயிருப்பு கிருஷ்ணன்தான். கொடைக்கானல் ஆய்வகத்திலிருந்து போன ஆர். பார்த்தசாரதியும் ஸ்வரூப்பும் அந்த டிஷ்களைக் கொண்டு அங்கே சேர்ந்து வேலை பார்த்தார்கள். அந்த ஆராய்ச்சி முடிந்ததும் டிஷ்களைக் கழித்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்தபோது ஸ்வரூப், "எங்களுக்குக் கொடுத்துவிடுங்களேன்" என்று கேட்டார். கொடுத்துவிட்டார்கள். ஆனால் கப்பல் கூலி, அனுமதி, காகிதம் என்று எல்லாம் இழுத்தடித்தது. டிஷ்கள் டில்லிக்கு வந்து சேர்ந்து, கடைசியில் ஸ்வரூப் 1963-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்த பிறகு அவர் கைக்கே திரும்பி வந்தன. 1965-ல் அவை கல்யாணில் வரிசையாக நின்று, 610 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் சூரியனைக் கேட்டன. யாரோ வேண்டாமென்று கழித்த 32 தட்டுகள்!

அந்த அனுபவத்தில்தான் அடுத்தது பிறந்தது. உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு தொலைநோக்கி, 1970-ல். ஊட்டியின் அட்சரேகை சுமார் பதினொன்று டிகிரி. அதே பதினொன்று டிகிரிச் சரிவுள்ள மலைச்சரிவாகத் தேடிப் பிடித்து, அதன்மேல் நீட்டி வைத்தார்கள். அப்படி வைத்தால் தொலைநோக்கியின் அச்சும் பூமி சுழலும் அச்சும் இணையாகிவிடும். ஒரே அச்சில் திருப்பினால் போதும், நட்சத்திரத்தை மணிக்கணக்கில் பின்தொடரலாம். கோடிக்கணக்கில் செலவாகும் இயந்திரத்தை ஒரு மலைச்சரிவு மிச்சப்படுத்தியது. அதற்கும் பிறகு நாராயண்காவ் அருகே கோடத் கிராமத்தில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 டிஷ்கள். ஸ்வரூப் 2020 செப்டம்பரில் காலமானார்.

இந்தக் கதையை என் மகளிடம் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "நம்ம மாடியிலே கூட யாரும் பயன்படுத்தாத தட்டு நிறைய இருக்கே?" என்பதுதான். இருந்தது. எல்லோரும் கேபிள் இணையத்துக்கு மாறிய பிறகு எங்கள் சொசைட்டி மாடியில் ஏழு டிஷ்கள் காக்கா உட்காரும் இடமாகிவிட்டிருந்தன. செக்ரெட்டரியிடம் கேட்டேன். "பங்கார்வாலாவுக்குப் போட வைத்திருந்தேன், ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் மாடிச் சுவரில் புதிதாக ஓட்டை போடக்கூடாது" என்றார். நியாயமான நிபந்தனைதான். மழைக்காலத்தில் ஒழுகினால் மேல்மாடிக்காரர் யாரைத் திட்டுவார்?

சூரியனும் சுவரும்

தேவையானவை அதிகமில்லை. ஒரு பழைய டிஷ். அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. எனும் சிறு உறுப்பு. டிஷ் பொருத்த வருபவர்கள் கையில் வைத்திருப்பார்களே, முள் ஆடும் சின்ன மீட்டர், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். எல்.என்.பி.க்கு மின்சாரம் வேண்டும். அதைப் பழைய செட்-டாப் பெட்டியே கேபிள் வழியாகத் தந்துவிடும். டிஷ், மீட்டர், பெட்டி என்ற வரிசையில் கேபிளால் இணைத்தால் வேலை முடிந்தது. நிற்க வைக்க, உடைந்த சுழல் நாற்காலி ஒன்றின் அடிப்பாகத்தைப் பயன்படுத்தினோம்.

மீட்டரின் திருகை, வெறும் வானத்தைப் பார்க்கும்போது முள் ஒன்றிரண்டில் நிற்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எல்.என்.பி. வாய்க்கு முன்னால் உள்ளங்கையைக் காட்டுங்கள். முள் ஏறும்! முதன்முதல் பார்த்தபோது நான் மின்கசிவோ என்று பயந்துவிட்டேன். அதெல்லாம் இல்லை. சூடுள்ள எந்தப் பொருளும் கொஞ்சம் ரேடியோ அலையை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். நம் கை, சுவர், தரை, எதிர்க் கட்டடம், எல்லாமே. வெறும் வானம் மிகக் குளிர்ந்தது, ஆகவே அங்கே முள் தாழ்கிறது. என் மனைவி சூடான இட்லிப் பானையைக் கொண்டுவந்து காட்டி, அதற்கும் ஏறுகிறதா என்று பார்த்தாள். பாத்திரம் உலோகம் என்பதால் அது வெறும் கண்ணாடிபோல் வேலை செய்தது. மூடியைத் திறந்து இட்லியைக் காட்டியதும் ஏறியது.

அடுத்தது சூரியன். இங்கே ஒரு சிக்கல். டி.டி.எச். தட்டு தான் பார்ப்பது போல் தெரியும் திசையைப் பார்ப்பதில்லை. அதன் எல்.என்.பி. கீழே தள்ளி வைக்கப்பட்டிருப்பதால், செங்குத்தாக நிற்கும் தட்டு உண்மையில் இருபது, இருபத்தைந்து டிகிரி மேலே பார்த்துக்கொண்டிருக்கும். குத்துமதிப்பாகத் திருப்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீணடித்தோம். பிறகு கிடைத்த வழி: ரவிக்கையில் வைத்துத் தைக்கும் சின்ன வட்டக் கண்ணாடிகள் நான்கைத் தட்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஒட்டினோம். நான்கு வெளிச்சப் பொட்டும் எல்.என்.பி. முகத்தில் ஒன்றாக விழுந்தால், தட்டு சூரியனைப் பார்க்கிறது என்று பொருள். நான்கு போதும். தட்டு முழுவதும் பளபளவென்று அலுமினியத் தாளை ஒட்டிவிடாதீர்கள், வெயில் குவிந்து எல்.என்.பி. உருகிவிடும். குழந்தைகள் அந்தக் கண்ணாடிகளையோ சூரியனையோ நேராகப் பார்க்காதபடியும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

மார்ச், செப்டம்பர் மாதங்களில் இதைச் செய்யாதீர்கள். செயற்கைக்கோள்கள் வானத்தில் ஒரு வில்போல வரிசையாக நிற்கின்றன. அந்த மாதங்களில் சூரியனும் அந்த வில்லை ஒட்டியே நகர்வதால், முள் எதற்கு ஏறுகிறது என்றே தெரியாது. டிசம்பர், ஜனவரி நல்ல காலம். சூரியன் அந்த வரிசையிலிருந்து நன்றாக விலகித் தெற்கே போயிருக்கும்.

சூரியன் போகப்போகும் பாதையில் சற்று முன்னால் தட்டைத் திருப்பி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பூமி சுழல்வதால் சூரியன் நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகரும். இரண்டடித் தட்டின் பார்வை அகலம் சுமார் மூன்று டிகிரி. எனவே பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முள் மெல்ல ஏறி, உச்சிக்குப் போய், மெல்ல இறங்கும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை மகள் முள்ளின் எண்ணைச் சொல்ல, நான் வரைபடத் தாளில் புள்ளி வைத்தேன். கோயில் கோபுரம் மாதிரி ஒரு கோடு வந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அடுத்து வருவது. சூரியனுக்கு முள் ஏறிய உயரமும், எதிர் வீட்டுச் சுவரைக் காட்டினால் ஏறும் உயரமும் பெரிய வித்தியாசம் இல்லை! சூரியனும் சுவரும் ஒன்றா? சுவர் தட்டின் பார்வை முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. சூரியனோ அரை டிகிரி வட்டம், தட்டின் பார்வைப் பரப்பில் நாற்பதில் ஒரு பங்குதான். அந்த ஒரு பங்கே சுவருக்கு ஏறக்குறைய ஈடு கொடுக்கிறது என்றால், அது சுவரைவிட முப்பது, நாற்பது மடங்கு சூடாக இருக்க வேண்டும். சுவர் கெல்வின் கணக்கில் 300. பெருக்கிப் பாருங்கள். எங்களுக்கு எட்டாயிரத்துச் சொச்சம் வந்தது. இந்த அதிர்வெண்ணில் சூரியனின் வெப்பநிலை பத்தாயிரம் கெல்வினைத் தாண்டும். சில நூறு ரூபாய் மீட்டரும் நாற்காலிக் காலும் வைத்துக்கொண்டு இவ்வளவு கிட்டே வந்ததே பெரிது. "சூரியன் 5,500 டிகிரின்னுதானே பாடப் புத்தகத்தில் இருக்கு?" என்று அவள் கேட்டாள். கண்ணுக்குத் தெரியும் ஒளி புறப்படும் பரப்பு அந்தச் சூடு. ரேடியோ அலை அதற்குச் சற்று மேலே உள்ள அடுக்கிலிருந்து வருகிறது. சூரியனில் ஓர் எல்லைக்கு மேல் போகப்போகச் சூடு கூடும். இது விஞ்ஞானிகளையே வெகுகாலம் குழப்பிய சங்கதி.

நகரத்தின் இரைச்சல்

இனி, முன்பு சொன்ன தொல்லைக்கு வருவோம். ரேடியோ அலைக்கு நகரம் என்பது சந்தைக் கடை. கைபேசி, வைஃபை, எல்.இ.டி. பல்பின் மலிவான மின்சுற்று, போன் சார்ஜர், இன்வெர்ட்டர், லிஃப்ட், மின்சார ரயிலின் தீப்பொறி, எல்லாம் கத்துகின்றன. வியாழன் கிரகம் 20 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் அவ்வப்போது கடலலை போல இரைவது உண்டு. 1955-ல் கண்டுபிடித்தார்கள். ஏழு மீட்டர் நீளக் கம்பி இரண்டு கட்டி அதைக் கேட்கும் திட்டத்தை அமெரிக்காவின் நாசா பள்ளிப் பிள்ளைகளுக்காகவே நடத்துகிறது. நாங்களும் கம்பி கட்டினோம். கேட்டதெல்லாம் கட்டடத்திலுள்ள சார்ஜர்கள். அது கிராமத்துக்குப் போகும்போது செய்ய வேண்டிய காரியம் என்று விட்டுவிட்டேன்.

இந்தத் தொல்லை புதிதுமல்ல. 1932-ல் அமெரிக்காவில் கார்ல் ஜான்ஸ்கி என்ற பொறியாளர், கடல் கடந்த டெலிபோன் பேச்சில் வரும் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடப்போய்த்தான், விண்ணிலிருந்து ரேடியோ அலை வருவதையே கண்டுபிடித்தார். அவருடைய ஆன்டெனா பழைய ஃபோர்டு காரின் சக்கரங்கள் மேல் ராட்டினம் போலச் சுற்றியது. அவருக்குப் பிறகு கிரோட் ரீபர் என்பவர் 1937-ல் தன் வீட்டுத் தோட்டத்தில், சொந்தப் பணத்தில், முப்பத்தொரு அடி விட்டமுள்ள தட்டை நிறுத்தினார். பகலில் ரேடியோ கம்பெனி வேலை, இரவில் வானம். ஏன் இரவு? பகலில் தெருவில் போகும் கார்களின் தீப்பொறி அவர் கருவியில் கேட்டதாம்! இரண்டு அதிர்வெண்களில் தேடி ஒன்றும் கிடைக்காமல், மூன்றாவதில்தான் பால்வீதியைப் பிடித்தார். உலகத்தின் முதல் ரேடியோ வானியலாளர்களில் ஒருவர் நம்மைப் போல வேலைக்குப் போய்வந்த ஒரு மனிதர்தான் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

ஆனால் இந்தச் சந்தையிலும் ஒரு மூலையில் அமைதி இருக்கிறது. 1420 மெகாஹெர்ட்ஸ், அதாவது 21 சென்டிமீட்டர் அலைநீளம். விண்வெளியில் நிறைந்திருக்கும் ஹைட்ரஜன் அணு வெளிவிடும் அலை இது. ஓர் அணு இப்படி ஒருமுறை முனகுவதற்குச் சராசரியாக ஒரு கோடி வருடத்துக்கும் மேல் ஆகும். ஆனால் அணுக்களின் எண்ணிக்கைக்குத்தான் அளவே இல்லையே! 1400 முதல் 1427 வரையிலான அந்தப் பட்டையில் யாரும் ஒலிபரப்பக் கூடாது என்று உலக நாடுகள் உடன்பாடு செய்து வைத்திருக்கின்றன. டோம்பிவிலியிலும் அந்தச் சட்டம் செல்லும்.

1951-ல் ஹார்வர்டில் ஈவன், பர்செல் என்ற இருவர் இந்த அலையை முதன்முதல் பிடித்தபோது பயன்படுத்தியது, ஒட்டுப்பலகையில் செய்து உள்ளே செப்புத் தகடு வைத்த கூம்பு ஒன்று. அதை ஆய்வகத்தின் ஜன்னலுக்கு வெளியே நீட்டி வைத்திருந்தார்கள். மழை பெய்தால் புனல் வழியாகத் தண்ணீர் ஆய்வகத்துக்குள் வந்துவிடும். போகிற மாணவர்கள் பனிக்கட்டியை உருட்டி அதற்குள் எறிவார்களாம். இருந்தும் கண்டுபிடித்தார்கள்.

நாங்கள் தெர்மோகோல் பலகையில் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டி ஒரு கூம்பு செய்தோம். வாய் இரண்டரை அடி. அடியில் சுமார் 16 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு நீள்சதுரத் தகர டின். டின்னின் பின்சுவரிலிருந்து ஏழு சென்டிமீட்டர் தள்ளித் துளையிட்டு, ஐந்து சென்டிமீட்டர் செப்புக் கம்பி. அதோடு இந்த அலைக்கென்றே விற்கும் ஒரு பெருக்கி. பிறகு கணினியில் டிவி பார்ப்பதற்காக வந்து, இப்போது உலகெங்கும் இப்படிப்பட்ட விளையாட்டுகளுக்குப் பயன்படும் ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். என்னும் விரல் நீளச் சாதனம். மடிக்கணினி வீட்டிலேயே இருந்தது. மென்பொருள் இலவசம். எல்லாமாகப் பதினோராயிரத்துக்குள் முடிந்தது. தட்டு விளையாட்டோடு ஒப்பிட்டால் இது செலவுதான், மறைக்கவில்லை. நாலு குடும்பம் சேர்ந்து செய்தால் சுமை தெரியாது.

பத்து மணி விளக்கு

ஜனவரி நடுவில் கூம்பை நேர் உச்சியைப் பார்த்து வைத்தோம். மிருகசீரிடம், திருவாதிரை நட்சத்திரங்களுக்கு வடக்கே பால்வீதி நம் தலைக்கு மேல் கடக்கும் நேரம், அந்த வாரம், இரவு பதினொன்று மணி வாக்கில் வர வேண்டும். முதல் இரவே கிடைத்துவிட்டது! பத்து மணிக்கு மேல் அளவு ஏறி, பதினொன்றில் உச்சமாக இருந்து, பன்னிரண்டில் இறங்கியது. கால் மணிக்கு ஒரு சராசரி எடுத்துப் போட்ட வரைபடத்தில் அழகான மேடு. மகளுக்கு வாயெல்லாம் பல். மறுநாள் நான் அலுவலகத்தில் பேடா வாங்கிக் கொடுத்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

நான்காவது நாள் மகள் நான்கு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அப்பா, இது தப்பு" என்றாள். நான்கும் அச்சாக ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின. அதுதான் தப்பு. நட்சத்திரங்கள் நம் கடிகாரத்துக்குக் கட்டுப்படுவதில்லை. ஒரு நட்சத்திரம் உச்சிக்குத் திரும்ப வர 23 மணி 56 நிமிடம்தான் ஆகும். தினமும் நான்கு நிமிடம் முந்தும். ஜான்ஸ்கியும் தன் கரகரப்பு விண்ணிலிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டது இதை வைத்துத்தான். தினமும் சரியாகப் பத்து மணிக்கு வருவது பால்வீதி அல்ல, பால்காரர் வகை.

மூல எண்களை எடுத்துப் பார்த்தால், மேடு மெல்ல ஏறவில்லை. படிக்கட்டுபோல ஒரே நொடியில் ஏறி, ஒரே நொடியில் இறங்கியிருந்தது. நான் போட்ட சராசரி அதைக் குன்றுபோலக் காட்டியிருந்தது. அதுவும் ஹைட்ரஜனுக்குரிய 1420.4-ல் மட்டும் ஏறாமல், பட்டை முழுவதும் ஏறியிருந்தது. நாங்கள் பார்க்க விரும்பியதைப் பார்த்துவிட்டோம்.

அன்றிரவு ஒரு பழைய டிரான்சிஸ்டரை மீடியம் வேவில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் காத்திருந்தோம். பத்து மணி அடித்ததும் 'கர்ர்ர்' என்றது. மேல்மாடியில் கூம்புக்கு நேர் கீழே உள்ள ஜன்னலருகே போகப் போகச் சத்தம் கூடியது. கதவைத் தட்டினோம். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பையன், வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு பத்திலிருந்து பன்னிரண்டு வரை எல்.இ.டி. மேஜை விளக்கில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். அந்த விளக்கின் மலிவான அடாப்டர் எழுப்பும் இரைச்சல் எங்கள் கம்பிகள் வழியாக ஏறியிருக்கிறது. அவனுடைய அம்மா, "அணைத்துவிடச் சொல்லட்டுமா?" என்று மராத்தியில் கேட்டார். "வேண்டாம் காகு, அவன் படிக்கட்டும்" என்று என் மகள் முந்திக்கொண்டாள். பால்வீதி நம்மைவிட்டு எங்கே போய்விடப் போகிறது?

கூம்பை மாடியின் மறுகோடிக்கு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மாற்றினோம். மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து பிடுங்கி பேட்டரியில் ஓட்டினோம். கம்பிகளில் இரும்பு வளையம் மாட்டினோம். பத்து மணிப் படி மறைந்தது. அதோடு மேடும் மறைந்தது. மூன்று இரவு ஒன்றுமே இல்லை. எனக்குப் பேடாவின் நினைவு வந்து வந்து குத்தியது. பிறகு பார்த்தால் டின்னுக்குள் கம்பியின் பற்றவைப்பு விட்டுப் போயிருந்தது, கூம்பை நகர்த்தியபோது.

ஜனவரி 24 இரவு, 1420.4-ல் மட்டும், சின்னதாக ஒரு மேடு எழுந்தது. ஒன்றரை மணி நேரம் இருந்து, பத்தரையை ஒட்டி உச்சம் தொட்டது. இம்முறை யாரும் பேடா வாங்கவில்லை. பிப்ரவரி 8-ல் அதே மேடு ஒன்பதரைக்கு வந்தது. பிப்ரவரி 23-ல் எட்டரைக்கு. பதினைந்து நாளுக்கு ஒரு மணி நேரம், வட்டிக் கணக்குபோலத் தவறாமல். விளக்கு அப்படி நகராது. மனிதன் செய்த எதுவும் அப்படி நகராது.

பகலிலும் ஓட விட்டோம். பால்வீதியின் மறுபக்கம் ஜனவரி கடைசியில் நண்பகலில் நம் தலைக்கு மேல் போகிறது. சுட்டெரிக்கும் வெயிலில், துணி காயப்போட வந்த மாமிகள் நடுவே, கணினித் திரையில் அந்த மேடு எழுந்தது. இரவில் வந்தது ஒற்றைக் குன்று. இதுவோ அகலமாக, தோள்பட்டை வைத்தாற்போல விரிந்திருந்தது. ஹைட்ரஜன் மேகம் நம்மை நோக்கி வந்தாலும் விலகிப் போனாலும் அதன் அதிர்வெண் சற்று நகரும். நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்துக்கு சுமார் 4.7 கிலோஹெர்ட்ஸ். ரயில் ஊதிக்கொண்டே நம்மைக் கடக்கும்போது ஊதல் மாறுகிறதே, அதே கணக்கு. பகல் மேட்டின் ஒரு கரையை அளந்து மகள் போட்ட கணக்கில் நொடிக்கு நாற்பது கிலோமீட்டரை ஒட்டி வந்தது. பால்வீதி சுழல்கிறது என்று பாடத்தில் படித்ததை, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து, தெர்மோகோல் வைத்துப் பார்த்தாயிற்று.

செய்ய விரும்பும் அன்பர்களுக்குச் சில சொற்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தெர்மோகோல் கூம்பை மாடியில் விடாதீர்கள், மும்பை மழை அதைத் தின்றுவிடும். இடி மின்னல் நேரத்தில் மாடியில் எந்தக் கம்பியும் இணைப்பில் இருக்கக் கூடாது. சொசைட்டியில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாடியில் ஆன்டெனா என்றாலே இந்தக் காலத்தில் கேள்வி வரும். நாம் எதையும் ஒலிபரப்புவதில்லை, கேட்க மட்டுமே செய்கிறோம் என்று மகள் எழுதி ஒட்டிய சீட்டு எங்கள் கூம்பில் மூன்று மொழிகளில் இன்னும் இருக்கிறது. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்தை ஒட்டி கோடத் தொலைநோக்கி வளாகத்தில் பொதுமக்களை அனுமதித்துக் கண்காட்சி நடத்துவது வழக்கம். கல்யாணிலிருந்து முர்பாட், மால்ஷேஜ் காட் வழியாக நாராயண்காவ் பக்கம் போய்விடலாம். சங்கத்திலிருந்து ஒரு பஸ் ஏற்பாடு செய்தால் நான் வரத் தயார்.

இப்போதைக்குச் செலவே இல்லாத ஒரு காரியம் இருக்கிறது. மார்ச் 12-ஐ ஒட்டிய நான்கைந்து நாட்கள், பகல் பதினொன்று முதல் பன்னிரண்டரை வரை, டிஷ் உள்ள வீடுகளில் டிவியைப் போட்டு வையுங்கள். படம் எந்த நிமிடம் உடைந்தது, எந்த நிமிடம் திரும்பியது, டிஷ் எத்தனை அடி, எந்த நிறுவனத்துடையது என்று ஒரு தாளில் குறித்துச் சங்க அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் செயற்கைக்கோளும் வானத்தில் வேறு இடத்தில் நிற்பதால் நேரம் மாறும். செம்பூர், முலுண்ட், வாஷி, அம்பர்நாத் வீடுகளிலிருந்து வரும் தாள்களை என் மகள் ஒரே வரைபடத்தில் போட்டு அடுத்த இதழில் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். மேல்மாடிப் பையனுக்கும் அதற்குள் பரீட்சை முடிந்திருக்கும், உதவிக்கு வருகிறேன் என்றிருக்கிறான்.